சொல்லை எண்ணிய வரலாற்றாசிரியர்: நொபோரு கராஷிமாவின் கல்வெட்டாய்வு – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தென்னிந்தியக் கல்வெட்டுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இடைக்காலத் தமிழ்ச் சமுதாயத்தை ஆராய்ந்த வரலாற்றறிஞர்களுள் நொபோரு கராஷிமா (1933-2015) தனியிடம் பெறுபவர். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக 1989 முதல் 2010 வரை விளங்கினார். 2013இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தமிழ்நாட்டில் கராஷிமாவின் பெயர் பரவலாக அறியப்பட்டதே. எனினும் அறியப்பட்ட முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. மேடைகளில் அவர் பெரும்பாலும் 'தமிழ் கற்ற ஜப்பானியர்' என்றே பாராட்டப்பட்டார். அயல்நாட்டார் ஒருவர் தமிழ் கற்றதே பெருமைக்குரிய செய்தியாகக் கொள்ளப்பட்டது. கற்ற தமிழைக் கொண்டு அவர் என்ன செய்தார், எதனை நிறுவினார், எதனை நிறுவவில்லை என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. அறிஞர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. அவர் நூல்களைப் படித்து அவற்றோடு வாதிடுவதே அரிது. கராஷிமா விரும்பியிருக்கக்கூடிய சிறப்பு இரண்டாவதே என்பதற்கு அவர் எழுத்துகள் சான்று.

கராஷிமாவின் ஆய்வில் அடிப்படை அலகாக அமைந்தது போரோ, மன்னனோ, கோயிலோ அன்று. கல்வெட்டில் வரும் சொல். ஆட்பெயர், பட்டப்பெயர், வரிப்பெயர், நிலவுரிமைப் பெயர் ஆகியவற்றைத் தொகுத்து, காலவாரியாகவும் இடவாரியாகவும் எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து சமுதாய மாற்றத்தை உய்த்துணர்வது அவர் முறை. சொல்லைச் சான்றாகக் கொள்ளும் எந்த ஆய்வும் மொழியியலின் எல்லைக்குள்ளும் வருகிறது. ஆகவே இவ்வாய்வு முறையின் வலிமையையும், அது மொழியியலின் துணையை வேண்டி நிற்கும் இடங்களையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாழ்வும் பயிற்சியும்

கராஷிமா 1933 ஏப்ரல் 24ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற பின்னர், 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் கற்றார். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966 வரை உதகமண்டலத்திலும் அதன் பின்னர் மைசூரிலும் இயங்கியது. இவ்விரு இடங்களிலும் கல்வெட்டுப் படிகளை நேரில் வாசிக்கும் பயிற்சியை அவர் பெற்றார். அச்சிட்ட வாசகத்தை மட்டும் நம்பாமல் மைப்படியைப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இங்குதான் வேரூன்றியது எனலாம்.

ஜப்பானுக்குத் திரும்பியதும் ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்கும் பண்பாடுகளுக்குமான ஆய்வு நிறுவனத்திலும், பின்னர் டோக்கியோப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அங்கிருந்து ஓய்வு பெற்ற பின் தைஷோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பணி முழுவதும் ஜப்பானில் அமைந்தபோதிலும் ஆய்வு முழுவதும் தமிழ்நாட்டாரோடு இணைந்தே நடைபெற்றது. எ. சுப்பராயலு, பா. சண்முகம் ஆகியோரோடு அவர் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் இதற்குச் சான்று. தமிழ்க் கல்வெட்டு வாசிப்பில் தேர்ந்த உள்நாட்டு அறிஞர்களை வெறும் உதவியாளராகக் கொள்ளாமல் உடன் ஆசிரியராகக் கொண்டமை அவர் பணியின் தரத்திற்கு ஒரு காரணமாகும்.

3. முறையியல்

கராஷிமாவுக்கு முன்னர்ச் சோழர் வரலாற்றை முழுமையாக எழுதியவர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் (1892-1975). அவருடைய 'சோழர்' 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆட்சிமுறை, வருவாய், ஊராட்சி முதலியவற்றை விளக்கும் அதன் இயல்கள் இன்றும் பயன்படுவன. எனினும் ஒரு கருத்தை விளக்குவதற்கு முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அருகருகே எடுத்துக்காட்டப்படும்போது, அவற்றுக்கிடையே ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்துள்ளன என்பது மறைந்துவிடுகிறது. தொண்டை நாட்டு வழக்கும் காவிரிப் படுகையின் வழக்கும் ஒன்றெனக் கொள்ளப்படும் குறையும் நேர்கிறது. மாறாத சமுதாயம் ஒன்று இருந்தது என்னும் தோற்றம் சான்றுகளிலிருந்து எழுவதன்று. சான்றுகளை அடுக்கும் முறையிலிருந்து எழுவது.

கராஷிமா இக்குறையை நீக்க மேற்கொண்ட வழி எளியது. ஆனால் உழைப்பு மிக்கது. சோழர் காலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். முதலாம் இராசராசன் ஆட்சிக்கு வந்த 985, முதலாம் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்த 1070 ஆகியன இப்பிரிப்பில் முக்கிய எல்லைகள். ஒரு சொல் எந்தக் காலப்பகுதியில், எந்த மண்டலத்தில், எத்தனை முறை வருகிறது என்பதை அட்டவணைப்படுத்தினார். இம்முறையின் பெரும் விளைவு 1978இல் சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோரோடு இணைந்து மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் தொடரடைவாகும். கணிப்பொறி தமிழாய்வில் அரிதாக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான ஆட்பெயர்களைக் கூறுகளாகப் பகுத்து வரிசைப்படுத்திய இந்நூல் ஒரு முன்னோடி முயற்சி. இதே முறையில் விசயநகரக் காலத்து நாயக்கர்களைப் பற்றிய தொடரடைவு 2002இல் வெளிவந்தது.

தொடரடைவு என்பது தமிழ் மொழியியலாருக்குப் புதியதன்று. சங்க இலக்கியம், திருக்குறள் முதலியவற்றுக்குச் சொல்லடைவுகள் உருவாக்கப்பட்டன. ஆனால் அவை நூலின் மொழியை அறிவதற்காக எழுந்தவை. கராஷிமாவின் தொடரடைவோ மொழியின் வழியாகச் சமுதாயத்தை அறிவதற்காக எழுந்தது. இவ்வேறுபாடே அவர் பணியின் சிறப்பும் சிக்கலுமாகும்.

4. இரண்டு ஊர்கள்

கராஷிமாவின் புகழ்பெற்ற முதற்கட்டுரை 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் படிக்கப்பெற்றது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரைப் பகுதியைச் சேர்ந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை அது ஒப்பிட்டது. அல்லூர் வேளாண் குடிகளின் ஊர், ஈசானமங்கலம் பிரமதேயம். ஈசானமங்கலத்தில் பிராமணர் தனித்தனியே நிலத்தை உடைமையாகக் கொண்டு விற்றும் கொடுத்தும் வந்தனர்; உழுதொழிலைப் பிறர் செய்தனர். அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாக இருந்தது. உடையாரும் உழுவாரும் வேறாகவில்லை. கட்டுரை கண்ட முடிவு இதுவே.

இம்முடிவின் முக்கியத்துவம் ஊர் எல்லையோடு நிற்பதன்று. இந்தியச் சிற்றூர் காலங்காலமாக மாறாத ஒரே வகைக் கூட்டுச் சமுதாயம் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்து ஐரோப்பியச் சிந்தனையில் ஆழப் பதிந்திருந்தது. ஒரே ஆற்றங்கரையில், ஒரே காலத்தில் இருவேறு உடைமை முறைகள் நிலவின என்று காட்டியதன் மூலம் அக்கருத்தின் அடித்தளத்தைக் கராஷிமா அசைத்தார். பின்னர்க் கீழ்க் காவிரிப் படுகையின் நிலமாற்ற ஆவணங்களை ஆராய்ந்து, சோழர் காலத்தின் பிற்பகுதியில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பெருகியது என்று காட்டினார். சமுதாயம் மாறியது என்பது மட்டுமன்றி, எத்திசையில் மாறியது என்பதும் இதனால் புலனாயிற்று.

ஆயினும் பொதுவுடைமை பற்றிய முடிவு எச்சொல்லின்மேல் நிற்கிறது என்று நோக்குதல் வேண்டும். நிலத்தை விற்பவர் 'ஊரோம்' என்று கல்வெட்டில் பேசுகின்றனர். ஊர் என்னும் பெயரோடு தன்மைப் பன்மை விகுதி சேர்ந்த வடிவம் இது. 'சபையோம்', 'நாட்டோம்', 'நகரத்தோம்' என்பனவும் இத்தகையன. பெயரே தன்மை விகுதி ஏற்றுப் பேசுவோரைக் குறிக்கும் இவ்வமைப்பு ஆவண மொழியின் நிலைபெற்ற வாய்பாடு. ஓர் அவை ஆவணத்தில் ஒரே குரலில் பேசுகிறது என்பதை இது காட்டும். அவ்வவையின் உறுப்பினர் நிலத்தைப் பகுக்காமல் கூட்டாக வைத்திருந்தனர் என்பதை இது மட்டும் காட்டாது. பிரமதேயத்தின் சபையோரும் 'சபையோம்' என்று பேசி நிலம் விற்றுள்ளனர். அங்கே தனியுடைமை இருந்ததைக் கராஷிமாவே நிறுவியுள்ளார். ஆகவே தன்மைப் பன்மை விகுதி உடைமையின் சான்று அன்று, பேச்சுரிமையின் சான்று.

இதனால் அல்லூர் பற்றிய முடிவு தவறாகிவிடும் என்பதில்லை. தனியொருவர் நிலம் விற்ற ஆவணங்கள் அங்கு இல்லாமையும் அவர் வாதத்திற்குத் துணை நிற்கிறது. ஆனால் 'இல்லாமை' என்னும் சான்று எத்தகையது என்பதை ஆராய வேண்டும். கோயிற் சுவரில் வெட்டப்பட்டவை கோயிலுக்குத் தொடர்புடைய நிலமாற்றங்களே. இரு குடியானவர்க்கிடையே ஓலையில் முடிந்துபோன பரிமாற்றம் கல்லுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. விகுதி தரும் சான்று, கையெழுத்திட்டோர் பட்டியல் தரும் சான்று, நில எல்லைக் குறிப்பில் அண்டை நிலத்துக்கு உரியவராக யார் பெயர் வருகிறது என்னும் சான்று ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டிருந்தால் முடிவு மேலும் உறுதி பெற்றிருக்கும்.

5. பெயரும் உடைமையும்

ஆட்பெயர் ஆய்வில் கராஷிமாவும் அவர் குழுவினரும் பெரிதும் பயன்படுத்திய கூறு 'உடையான்' என்பது. ஊர்ப்பெயரை அடுத்து இது வரும்போது அவ்வூரில் நிலம் உடையவர் என்னும் பொருளைத் தரும். 'கிழான்', 'கிழவன்' என்பனவும் இவ்வகையின. சோழர் அலுவலரின் முழுப்பெயர் பெரும்பாலும் 'இன்ன ஊருடையான், இன்னான் மகனாகிய இன்னான், ஆன இன்ன மூவேந்தவேளான்' என்னும் அமைப்பில் வரும். ஊர், தந்தை, இயற்பெயர், பட்டம் என்னும் நான்கு கூறுகளும் வரிசை மாறாமல் அமைவதைத் தொடரடைவு தெளிவாகக் காட்டுகிறது. ஆட்பெயர் ஒரு தொடர். அதற்கும் தொடரிலக்கணம் உண்டு என்பதை வரலாற்றாய்வு ஒன்று தன் போக்கில் நிறுவியது மொழியியலார் கவனிக்கத்தக்கது.

இவ்வமைப்பின் இறுதிக் கூறு அரசியல் வரலாற்றில் பெரும் விவாதத்திற்கு உரியதாயிற்று. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில், சோழ அரசு மையப்படுத்தப்பட்ட அரசன்று. நாடு என்னும் வேளாண் அலகுகள் தம்மளவில் இயங்கிய கூறுநிலை அரசே என்று வாதிட்டார். அவர் கருத்துப்படி மையப் பகுதிக்கு வெளியே மன்னனின் தலைமை பெரும்பாலும் சடங்கு நிலையிலேயே இருந்தது. இதற்கு மறுப்பாகக் கராஷிமாவும் சுப்பராயலுவும் முன்வைத்த சான்றுகளுள் பட்டப்பெயரும் ஒன்று. 'இராசராச மூவேந்தவேளான்', 'இராசேந்திரசோழ மூவேந்தவேளான்' என ஆளும் மன்னனின் பெயரே பட்டத்தின் முன்னடையாக வருகிறது. மன்னன் மாறும்போது முன்னடையும் மாறுகிறது. வழிவழி வந்த குடிப்பெயராயின் இம்மாற்றம் நிகழாது. 'புரவுவரி' எனப்பட்ட நிலவருவாய்த் துறையின் பல படிநிலை அலுவலரும் இத்தகைய பட்டங்களைத் தாங்கியிருந்தனர். மன்னனால் வழங்கப்பெற்ற பட்டமும் அதனைத் தாங்கிய அலுவலர் வரிசையும் இருந்தன என்பதற்கு இவ்வுருபனியல் சான்று வலிமையானது. இவ்விவாதத்தில் ஸ்டைனின் கோட்பாடு பரப்புடையது. கராஷிமாவின் சான்று ஆழமுடையது. கோட்பாட்டின் அழகில் மயங்காமல் சொல்லின் வருகையைக் கணக்கிட்டவர் பக்கமே நியாயம் சாய்கிறது.

ஆனால் 'உடையான்' என்பதில் அதே உறுதி இல்லை. அது குறிப்பு வினையடியாகப் பிறந்த பெயர். தோன்றிய காலத்தில் உடைமையை வெளிப்படையாகச் சுட்டியது. பெயரின் பகுதியாக நிலைபெற்ற பின்னர் அச்சுட்டு மங்குவது இயல்பு. இக்காலத்தில் ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகக் கொண்டோர் அனைவரும் அவ்வூரில் வாழ்வோர் அல்லர். அதுபோல, தந்தையின் நிலம் கைமாறிய பின்னும் மகன் அவ்வூருடையானாகவே அழைக்கப்பட்டிருக்கலாம். மேலும் 'உடையார்' என்னும் உயர்வுப் பன்மை வடிவம் மன்னனையும் கோயில் இறைவனையும் குறிக்கும் சொல்லாகவும் வழங்கியது. ஒருமைக்கும் பன்மைக்கும் பொருள் இவ்வாறு விலகிச் சென்றிருக்க, 'உடையான்' என முடியும் பெயர்கள் பெருகியதை நிலவுடையோர் பெருகியதாக நேரே கொள்ளுதல் அரிது. உடைமை குறையக் குறைய உடைமைப் பெயர் மதிப்புப் பெயராகப் பரவுவதும் மொழியில் நிகழக்கூடியதே. இவ்விடத்தில் கராஷிமா பெயரெண்ணிக்கையை மட்டும் நம்பாமல் நிலவிற்பனை ஆவணங்களோடு இணைத்து நோக்கியது அவர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. அவரைப் பின்பற்றுவோர் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை விட்டுவிடுவதே இடர்.

6. வரிச்சொற்கள்

கராஷிமாவும் பா. சீதாராமனும் 1972இல் வெளியிட்ட சோழர் காலத்து வரிச்சொற்கள் பற்றிய கட்டுரை அவர் முறையின் சிறந்த எடுத்துக்காட்டு. கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கான வரிப்பெயர்கள் காணப்படுகின்றன. இவற்றைக் கண்டு சோழர் காலத்து மக்கள் எண்ணற்ற வரிகளால் நசுக்கப்பட்டனர் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. கராஷிமா இப்பெயர்களை எண்ணியபோது, பெரும்பாலானவை ஓரிரு முறையே வருவதும், 'கடமை', 'குடிமை', 'அந்தராயம்', 'வெட்டி', 'எச்சோறு', 'முட்டையாள்', 'தட்டார்ப்பாட்டம்' போன்ற சிலவே அடிக்கடி வருவதும் வெளிப்பட்டன. அவற்றுள்ளும் சில ஒரு மண்டலத்தில் மிகுதியாகவும் வேறொன்றில் அருகியும் வருகின்றன. பட்டியலின் நீளம் வரிச்சுமையின் அளவு அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. விசயநகரக் காலத்து வரிச்சொற்களைச் சுப்பராயலு, சண்முகம் ஆகியோரோடு இதே முறையில் ஆராய்ந்த நூல் 1988இல் வெளிவந்தது.

இச்சொற்களின் பொருளை அகராதி கொண்டு தெளிய இயலாது என்பதும் இவ்வாய்வு தரும் பாடம். 'குடிமை' திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். அங்கு அது நற்குடிப் பிறப்பைக் குறிக்கும். கல்வெட்டில் அது குடிகள் செலுத்த வேண்டிய ஒன்று. 'கடமை' இன்று அறவுணர்வு சார்ந்த சொல். கல்வெட்டில் அளந்து கொடுக்க வேண்டிய நிலவரி. 'வெட்டி' வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுவது. ஊதியமின்றிச் செய்ய வேண்டிய வேலையைக் குறித்தது. இன்று 'வெட்டிவேலை', 'வெட்டிப்பேச்சு' என்னும் வழக்குகளில் பயனின்மையைக் குறிக்கிறது. கூலி பெறாத உழைப்பு என்னும் பொருள் பயன் தராத செயல் என்னும் பொருளாகத் தேய்ந்த வரலாறு, ஒரு சமுதாயத்தின் கட்டாய உழைப்பு வரலாற்றையும் உள்ளடக்கியது. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, எந்த வினையை ஏற்கிறது, எந்த அளவைப் பெயரைக் கொள்கிறது என்பவற்றைக் கொண்டே அதன் பொருளை வரையறுக்க முடியும்.

இங்கு எழுத்தியல் சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதும் அருகியே காணப்படும். 'வெட்டி' என்று வாசிப்பதா 'வேட்டி' என்று வாசிப்பதா என்பதைக் கல் முடிவு செய்வதில்லை. படிப்பவரே முடிவு செய்கிறார். 'காணி' என்பது வழிவழி நிலவுரிமையைக் குறிக்கும். எண்பதில் ஒரு பங்கையும் குறிக்கும். நில அளவையையும் குறிக்கும். ஒலிவடிவம் ஒன்றாயினும் எண்ணப்பட வேண்டிய சொற்கள் மூன்று. எண்ணுவதற்கு முன்னர் எது ஒரு சொல் என்று வரையறுப்பது மொழியியலின் பணி. அட்டவணையில் ஓர் எண்ணாக நிற்பது, உண்மையில் பல நூறு வாசிப்பு முடிவுகளின் கூட்டுத்தொகை என்பதை மறத்தல் கூடாது.

இக்குறையை வரலாற்றாசிரியர்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. ச. அகத்தியலிங்கமும் செ. வை. சண்முகமும் 1250 முதல் 1350 வரையிலான கல்வெட்டு மொழியை ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்டனர். கல்வெட்டுத் தமிழின் கிளைமொழிகள் பற்றிய ஆ. வேலுப்பிள்ளையின் ஆய்வு 1976இல் வெளிவந்தது. இவை ஒலி, உருபு, வட்டார வேறுபாடு ஆகியவற்றில் சிறந்த பணிகள். ஆனால் வரி, நிலவுரிமை, பட்டம் பற்றிய சொற்களின் பொருள் மாற்றம் இவற்றின் மையப் பொருளாக அமையவில்லை. மொழியியலார் விகுதியை ஆராய்ந்தனர். வரலாற்றாசிரியர் பகுதியை எண்ணினர். ஒரே கல்லின் முன் நின்ற இரு துறையினரும் ஒருவர் பட்டியலை மற்றவர் போதிய அளவு பயன்படுத்தவில்லை. சுப்பராயலுவின் 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தபோதுதான் இவ்விடைவெளி ஓரளவு குறைந்தது.

7. பிற்கால ஆய்வுகள்

கராஷிமாவின் பிற்கால ஆய்வுகள் மூன்று திசைகளில் விரிந்தன. முதலாவது, விசயநகர, நாயக்கர் காலம் பற்றியது. 1992இல் வெளிவந்த நூலில் நாயக்கர் ஆட்சியைப் புதியதொரு சமுதாய அமைப்பின் தோற்றமாக அவர் விளக்கினார். அதனை நிலமானிய முறையோடு ஒப்பிடவும் செய்தார். ஜப்பானிய, ஐரோப்பிய வரலாற்றிலிருந்து பெற்ற இக்கருத்தாக்கம் தமிழ்ச் சான்றுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்திற்குரியது. சோழர் ஆய்வில் சொல்லிலிருந்து கோட்பாட்டுக்குச் சென்றவர், இங்குக் கோட்பாட்டிலிருந்து சொல்லுக்கு வருவது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

இரண்டாவது, 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பற்றியது. தஞ்சை, தென்னார்க்காட்டுப் பகுதிகளில் காணப்படும் இவை வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, அரசு அலுவலரான இராசகரத்தாரும் காணியாளரும் இழைத்த கொடுமைகளை எதிர்த்து, எவ்வெவ் வரியை எவ்வளவு செலுத்துவது என்று தாமே முடிவு செய்ததைக் கூறுகின்றன. பிற இடங்களில் மன்னனும் அவையும் நிலவுடையோரும் பேசும் கல்லில் இங்கு உழைப்போர் பேசுகின்றனர். சுப்பராயலுவோடு சேர்ந்து இவற்றை ஆராய்ந்த கட்டுரை, கராஷிமாவின் எழுத்துகளுள் எண்ணிக்கையை விட வாசகமே முதன்மை பெற்ற ஒன்று.

மூன்றாவது, கடல் வாணிகம் பற்றியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் சீனப் பீங்கான் ஓடுகளையும் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளையும் இணைத்து அவர் தலைமையில் நடந்த ஆய்வுகள் 2002இலும் 2004இலும் நூல்களாயின. தென்னிந்திய வரலாறு முழுவதையும் சுருக்கமாகக் கூறும் நூல் ஒன்றை 2014இல் பதிப்பித்தார். மறுஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மறைந்தார்.

8. ஆய்வும் ஆரவாரமும்

உலகத் தமிழாராய்ச்சி மன்றத் தலைவராகக் கராஷிமா எதிர்கொண்ட சிக்கலும் அவர் ஆய்வு மனப்பான்மையோடு தொடர்புடையது. 1995 சனவரியில் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் மாநாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆய்வரங்கு எத்துணை எளிதில் அரசியலால் பாதிக்கப்படும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 2009இல் ஒன்பதாம் மாநாட்டைச் சில மாதங்களிலேயே கோயம்புத்தூரில் நடத்தத் தமிழ்நாடு அரசு முன்வந்தபோது, தரமான ஆய்வுக் கட்டுரைகள் உருவாவதற்கு அக்காலம் போதாது என்று கராஷிமா கூறினார். காலம் 2010 சூன் வரை நீட்டிக்கப்பட்ட பின்னரும் அவர் நிலை மாறவில்லை. மன்றத்தின் பெயரின்றி, உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் பெயரில் 2010 சூன் 23 முதல் 27 வரை அம்மாநாடு நடைபெற்றது. அதே ஆண்டில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அயல்நாட்டார் ஒருவர் தமிழர் விழாவுக்குத் தடை சொல்லலாமா என்று அப்போது சிலர் கேட்டனர். வினா தவறான இடத்தில் எழுப்பப்பட்டது. ஒரு சொல்லின் பொருளைக் கூறுவதற்கு அது வரும் இடங்கள் அனைத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் உழைத்தவர், ஆய்வு மாநாட்டுக்குக் கால அவகாசம் கேட்டதில் வியப்பில்லை. மாநாட்டின் அளவைக் கூட்டத்தின் எண்ணிக்கை கொண்டு கணிக்கலாம். ஆய்வின் அளவை அவ்வாறு கணிக்க இயலாது. எண்ணிக்கையையே தம் கருவியாகக் கொண்ட அறிஞர், எதை எண்ண வேண்டும், எதை எண்ணக் கூடாது என்பதையும் அறிந்திருந்தார்.

9. முடிவுரை

கராஷிமாவின் பணியை மூன்று கூற்றுகளில் மதிப்பிடலாம். முதலாவது, கல்வெட்டுச் சொல்லைக் காலத்திலும் இடத்திலும் வைத்து நோக்க வேண்டும் என்னும் ஒழுங்கைத் தென்னிந்திய வரலாற்றாய்வில் நிலைநிறுத்தினார். இனி எவரும் அதனைப் புறக்கணித்து எழுத இயலாது. இரண்டாவது, எண்ணப்படும் அலகு எது என்னும் வினாவை அவர் முறை முழுமையாகத் தீர்க்கவில்லை. விகுதி, வாய்பாடு, ஒப்புருச் சொல், பொருள் மங்கல் ஆகியவற்றைப் பகுத்தறியும் மொழியியல் நோக்கு அதனோடு இணைய வேண்டும். மூன்றாவது, அவர் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் அமைந்தமையால், தமிழ்வழி பயிலும் மாணவர் அவர் முடிவுகளைச் செய்தியாக அறிந்தனரேயன்றி முறையாகக் கற்கவில்லை.

கல்வெட்டு வாசிப்பில் பயிற்சியுடையோர் அருகி வருவதைக் கராஷிமா கவலையோடு சுட்டிக்காட்டினார். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது தமிழார்வலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி பொருத்தமானதே. ஆனால் படி எங்கிருந்தாலும் அதனைப் படிப்பவர் வேண்டும். மொழியியல் துறைகள் கல்வெட்டு வாசகங்களைச் சொற்பகுப்போடும் இலக்கணக் குறிப்போடும் கணினியில் தொகுத்து, காலமும் இடமும் குறித்து, வரலாற்றாசிரியர் கையில் தருவது இன்றைய தேவை. அத்தகைய தொகுப்பு உருவானால் கராஷிமாவின் அட்டவணைகள் சில திருத்தம் பெறும், சில வலுப்பெறும். தம் எண்கள் மீண்டும் எண்ணப்படுவதை அவர் குறையாகக் கருதியிருக்க மாட்டார். மீண்டும் எண்ணிப் பார்க்கத்தக்க வகையில் சான்றுகளை வெளிப்படையாக அடுக்கி வைத்துச் சென்றதே அவர் விட்டுச்சென்ற செல்வம்.